கல்லீரல் கட்டிக்குப் போகும் ரத்தத்தை அடைத்தால் அது சாகுமா, சீறுமா?

கல்லீரலில் புற்றுநோய்க் கட்டி இருக்கிறது, அறுத்து எடுக்கும் நிலையில் இல்லை, அதற்குப் போகும் ரத்தத்தை அடைத்துப் பார்க்கலாம் என்று மருத்துவர் சொன்னால், வேலூர் பக்கத்துக் குடும்பங்களில் இரண்டு விதமான பேச்சு கிளம்புவது வழக்கம். ரத்தம் இல்லையென்றால் கட்டி பட்டினியில் செத்துவிடும், அத்தோடு கதை முடிந்தது என்பது ஒன்று. அடைத்தால் கட்டிக்கு வெறி பிடித்து முன்னைவிட வேகமாகப் பரவும், கைபேசியில் படித்தேன் என்பது இன்னொன்று.

இரண்டுமே காற்றில் பிறந்தவை அல்ல. அடைப்பால் கட்டியின் பெரும்பகுதி சாகிறது என்பதும் உண்மை. சாகாமல் தப்பிய செல்கள் ஆக்சிஜன் குறைவுக்கு எதிராக ஒரு தற்காப்பைத் தொடங்குகின்றன என்பதும் உண்மை. எது எவ்வளவு, எப்போது, யாருக்கு என்று பிரித்துப் பார்க்காமல் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் தவறான முடிவில் போய் நிற்க வேண்டியிருக்கும். அதிலும் இரண்டாவது பேச்சை நம்பிச் சிகிச்சையே வேண்டாம் என்று வீடு திரும்புவது பேராபத்து.

இங்கே பேசுவது கல்லீரல் செல்களிலேயே தோன்றும் முதல்நிலைப் புற்றுநோயைப் பற்றி. மருத்துவச் சீட்டில் இது ஹெப்பட்டோசெல்லுலார் கார்சினோமா என்றோ, சுருக்கமாக எச்.சி.சி. என்றோ இருக்கும். குடலிலோ மார்பிலோ தொடங்கிக் கல்லீரலுக்குப் பரவிய கட்டிகளின் கணக்கு வேறு.

கல்லீரலுக்கு ரத்தம் வரும் இரண்டு வழிகள்

உடலின் பெரும்பாலான உறுப்புகளுக்கு ரத்தம் தமனி வழியாக மட்டுமே வருகிறது. கல்லீரல் அப்படி அல்ல.

1. போர்ட்டல் சிரை. குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் சத்துகளைச் சுமந்து வரும் ரத்தம் இதன் வழியாகக் கல்லீரலுக்குள் நுழைகிறது. கல்லீரல் பெறும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இதுதான். ஆனால் குடலில் ஏற்கெனவே செலவழிந்த ரத்தம் என்பதால் ஆக்சிஜன் செறிவு குறைவு.

2. கல்லீரல் தமனி. மீதிக் கால் பங்கு ரத்தம் இதன் வழியாக வருகிறது. அளவு குறைவென்றாலும் இதயத்திலிருந்து நேரே வருவதால் ஆக்சிஜன் நிறைந்தது. கல்லீரலின் ஆக்சிஜன் தேவையில் ஏறத்தாழ பாதியை இதுவே தருகிறது.

நல்ல கல்லீரல் செல்கள் இரண்டு வழிகளையும் பயன்படுத்திக்கொள்கின்றன. வளர்ந்த புற்றுநோய்க் கட்டியோ கிட்டத்தட்ட முழுவதுமாகத் தமனியையே நம்பியிருக்கிறது. 1950களிலேயே கண்டறியப்பட்ட இந்த வேறுபாடுதான் சிகிச்சைக்கு அடிப்படை. கட்டிக்குப் போகும் தமனிக் கிளையை அடைத்தால் கட்டிக்கு வரவு நின்றுபோகும். சுற்றியுள்ள நல்ல பகுதியைப் போர்ட்டல் சிரை காப்பாற்றிக்கொள்ளும்.

இதிலிருந்தே ஒரு தடையும் புரியும். புற்றுநோய் போர்ட்டல் சிரையின் பிரதானக் குழாய்க்குள் வளர்ந்து அதை அடைத்துவிட்டால், மிச்சமிருப்பது தமனி மட்டுமே. அதையும் மருத்துவர் அடைத்தால் கல்லீரலே செயலிழக்கும் அபாயம் உண்டு. ‘பக்கத்துப் படுக்கைக்காரருக்குச் செய்தார்கள், எங்களுக்கு மட்டும் ஏன் மறுக்கிறார்கள்’ என்ற வருத்தத்துக்குப் பல நேரங்களில் இதுவே விடை.

அடைப்பது எப்படி

வயிற்றைக் கிழிப்பதில்லை. தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனியில் ஊசி குத்தி, கதீட்டர் என்னும் மெல்லிய குழாயை உள்ளே செலுத்தி, எக்ஸ்ரே திரையில் பார்த்தபடியே கல்லீரல் தமனிக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கிருந்து கட்டிக்குப் பிரியும் சிறு கிளை வரைக்கும் இன்னும் நுண்ணிய குழாய் ஒன்று போகிறது. பிறகு அடைப்புப் பொருளைச் செலுத்துகிறார்கள். இதன் பொதுப்பெயர் எம்போலைசேஷன். கூடவே புற்றுநோய் மருந்தையும் சேர்த்துச் செலுத்தினால் அது கீமோஎம்போலைசேஷன். மருத்துவமனைப் பேச்சில் ‘டேஸ்’ என்பது இதைத்தான்.

வழக்கமான டேஸில் டாக்சோரூபிசின் போன்ற மருந்தை லிப்பியோடால் என்ற எண்ணெயுடன் கலக்கிறார்கள். அயோடின் ஏற்றிய கசகசா எண்ணெய் அது. நம் சமையலறைக் கசகசாவிலிருந்து வரும் எண்ணெய்தான் இங்கே மருந்தைச் சுமக்கும் வாகனம். நல்ல கல்லீரல் பகுதியிலிருந்து அது சில வாரங்களில் வெளியேறிவிடுகிறது, கட்டியில் தங்கிவிடுகிறது. அதன்மேல் ஜெலட்டின் துணுக்குகளைச் செலுத்திக் குழாயை அடைக்கிறார்கள். மருந்தை உள்ளே வைத்துச் சிறிது சிறிதாக வெளியிடும் நுண்மணிகளைப் பயன்படுத்தும் முறையும் உண்டு.

1970களின் பிற்பகுதியில் ஜப்பானில் தொடங்கிய சிகிச்சை இது. பலன் தருகிறதா என்ற கேள்விக்குத் தெளிவான விடை 2002இல் பார்சிலோனாவிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் வெளியான இரண்டு ஆய்வுகளில் கிடைத்தது. பார்சிலோனா ஆய்வில் டேஸ் பெற்றவர்களில் 63 சதவீதத்தினர் இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னும் உயிரோடு இருந்தார்கள். அறிகுறிகளுக்கு மட்டும் மருத்துவம் பெற்றவர்களில் 27 சதவீதத்தினர். ஹாங்காங்கில் சேர்க்கப்பட்டவர்களின் நோய் இன்னும் முற்றியிருந்தது. அங்கே 31 சதவீதம், 11 சதவீதம். இந்த எண்களைக் கட்டுரை முடியும்வரை நினைவில் வைத்திருப்பது நல்லது.

செல்லுக்கு ஆக்சிஜன் குறைவு எப்படித் தெரிகிறது

‘கட்டி சீறுகிறது’ என்ற பேச்சின் அறிவியல் இங்கேதான் இருக்கிறது.

நம் செல்களுக்குள் ஹிஃப் என்ற புரதம் ஒன்று உண்டு. ஆக்சிஜன் குறையும்போது வேலை தொடங்குவதால் வந்த பெயரின் சுருக்கம் அது. செல்கள் ஆக்சிஜன் அளவை உணர்ந்து அதற்கேற்ப மாறிக்கொள்ளும் விதத்தைக் கண்டறிந்ததற்காகத்தான் கிரெக் செமென்சா, பீட்டர் ராட்கிளிஃப், வில்லியம் கேலின் ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அந்த வழிமுறை இது:

1. ஹிஃப் புரதத்தின் ஆல்ஃபா பகுதியைச் செல் எப்போதும் தயாரித்துக்கொண்டே இருக்கிறது.

2. ஆக்சிஜன் போதுமானதாக இருந்தால், ஒரு நொதி அந்த ஆக்சிஜனைக் கொண்டே ஹிஃப் ஆல்ஃபாவின்மேல் ஓர் அடையாளம் இடுகிறது. வி.எச்.எல். என்ற இன்னொரு புரதம் அடையாளத்தைக் கண்டு பிடித்துக்கொடுக்க, ஹிஃப் ஆல்ஃபா சிதைக்கப்படுகிறது. தயாரான சில நிமிடங்களிலேயே இது நடந்துவிடுகிறது.

3. ஆக்சிஜன் குறைந்தால் அடையாளமிட நொதியால் முடியாது. சிதைவு நிற்கிறது. ஹிஃப் ஆல்ஃபா சேர்ந்துகொண்டே போகிறது.

4. சேர்ந்தது செல்லின் உட்கருவுக்குள் போய், பீட்டா பகுதியுடன் இணைந்து, நூற்றுக்கணக்கான மரபணுக்களை முடுக்கிவிடுகிறது.

ஒரு புரதத்தை ஓயாமல் செய்வதும் உடனே அழிப்பதும் வீண்செலவாகத் தோன்றலாம். ஆபத்து வந்தபின் புதிதாகத் தயாரிக்கத் தொடங்கினால் நேரம் போய்விடும். அழிப்பதை நிறுத்தினால் போதும் என்றால் நிமிடங்களில் எதிர்வினை தயார்.

இது புற்றுநோய்க்கென்று உண்டான ஏற்பாடு அல்ல. வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்துக்குப் போவார்கள் என்பது ஊரறிந்த செய்தி. அங்கிருந்து போய் லடாக்கின் உயரத்தில் காவல் நிற்பவரின் ரத்தத்தில் சில வாரங்களில் சிவப்பணுக்கள் கூடுவதும் இதே வழிமுறையால்தான். அவர் உயிரைக் காக்கும் அந்த ஏற்பாட்டையே கட்டியும் தன் பிழைப்புக்குப் பயன்படுத்திக்கொள்கிறது.

அடைத்தபின் கட்டிக்குள் நடப்பது

அடைப்பு முழுமையாக விழுந்த இடத்தில் பேச்சே இல்லை. ஆக்சிஜனும் குளுக்கோஸும் நின்றுபோன செல்கள் எந்த மரபணுவை முடுக்கினாலும் பிழைக்க முடியாது; செத்துக் கருகிவிடும். சிக்கல் எல்லாம் ஓரங்களில்தான். கட்டியின் விளிம்பில் உள்ள செல்களுக்குப் போர்ட்டல் சிரையிலிருந்தோ பக்கத்துத் தமனிகளிலிருந்தோ கொஞ்சம் ரத்தம் கசிந்துகொண்டிருக்கும். சாகவும் விடாத, நிம்மதியாக வாழவும் போதாத அளவு ஆக்சிஜன். ஹிஃப் ஓங்கி நிற்பது இந்த நடுவாந்திரப் பகுதியில்தான். அடைப்புக்குப் பின் அங்கே ஹிஃப் கூடுவதை முயல்களின் கல்லீரலில் வளர்த்த கட்டிகளில் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள்.

அதன் விளைவுகளில் முதன்மையானது புதிய ரத்தக்குழாய். வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தை ஹிஃப் கூட்டுகிறது. அது பக்கத்துக் குழாய்களின் சுவர்களைத் தூண்டிப் புதுக்கிளைகளை விடச் செய்கிறது. பாலாற்றில் தண்ணீர் வராத ஆண்டுகளில் கரையோர விவசாயி நிலத்தை விட்டுப் போவதில்லை. ஆழ்துளைக் கிணற்றை இன்னும் ஆழமாக இறக்குகிறார். மேல்வரவை நிறுத்தியதால் கீழே தோண்டுவது தொடங்குகிறது. டேஸ் செய்துகொண்ட நோயாளிகளின் ரத்தத்தில் அடுத்த சில நாட்களில் வி.இ.ஜி.எஃப். அளவு உயர்வதைப் பல ஆய்வுகள் பதிவு செய்துள்ளன.

மற்றவை சுருக்கமாக. செல் ஆக்சிஜன் இல்லாமலே குளுக்கோஸை எரிக்கும் வழிக்கு மாறுகிறது. உள்ளே வந்த மருந்தை வெளியே தள்ளும் புரதங்களைக் கூட்டிக்கொள்கிறது. பக்கத்துச் செல்களுடனான பிடிப்பைத் தளர்த்தி நகரும் தன்மையைப் பெறுகிறது. நோய் எதிர்ப்பு அணுக்களை மந்தப்படுத்தும் சூழலும் உருவாகிறது.

இத்தனையும் படித்தபின் அச்சம் வருவது இயல்பு. ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, இந்தத் தற்காப்பை அடைப்பு புதிதாக உண்டாக்கவில்லை. தாறுமாறாக வளரும் கட்டிக்கு எப்போதுமே ரத்தம் போதுவதில்லை. அதன் உட்பகுதியில் ஹிஃப் ஏற்கெனவே விழித்துத்தான் இருக்கிறது. அடைப்பு அதை ஓரங்களில் சில நாட்களுக்கு உயர்த்துகிறது. இரண்டு, வி.இ.ஜி.எஃப். அதிகமாக உயர்ந்தவர்களுக்குப் பின்னாளில் நோய் மோசமாகப் போனது என்று சில ஆய்வுகள் சொல்வது உண்மை என்றாலும், இந்த உயர்வே காரணம் என்று அதிலிருந்து முடிவு கட்ட முடியாது. பெரிய, முரட்டுக் கட்டி உள்ளவர்களுக்கு அடைப்பும் முழுமையாக விழாது, வி.இ.ஜி.எஃப்.பும் கூடும், நோயும் திரும்பும். மூன்றுக்கும் மூலம் ஒன்றாகவே இருக்கலாம்.

அப்படியானால் அடைக்காமலே விடலாமா

கூடாது. 2002ஆம் ஆண்டு எண்களை இப்போது எடுத்துப் பார்க்க வேண்டும். அந்த நோயாளிகளின் உடலிலும் ஹிஃப் இருந்தது, வி.இ.ஜி.எஃப். உயர்ந்திருக்கும். எல்லாம் போகவும் நிகரமாக டேஸ் பெற்றவர்களே நீண்ட நாள் வாழ்ந்தார்கள். ஆய்வுக்கூடத்தில் ஒரு புரதம் உயர்ந்தது என்பதைக் கொண்டு, மனிதர்களில் கிடைத்த பலனைத் தள்ளிவிட முடியாது. கைபேசியில் வரும் எச்சரிக்கைகள் சறுக்கும் இடம் இதுதான்: அவை சொல்லும் வேதியியல் சரி, இறங்கும் முடிவு தவறு.

இன்னொரு கேள்வி ஆய்வாளர்களிடையே ஓயாதது: வேலை செய்வது மருந்தா, அடைப்பா? நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் 101 நோயாளிகளிடம் மருந்தில்லாத வெறும் மணிகளையும் டாக்சோரூபிசின் ஏற்றிய மணிகளையும் ஒப்பிட்டு, 2016இல் வெளியிட்ட ஆய்வில் கட்டி சுருங்குவதில் வேறுபாடு தெரியவில்லை. ஆகவே பெருவேலையைச் செய்வது அடைப்புதான் என்று வாதிடுவோர் உண்டு. மறுபக்கம், டாக்சோரூபிசின் வகை மருந்துகள் ஹிஃப் புரதம் மரபணுவில் ஒட்டிக்கொள்வதையே தடுக்கின்றன என்று செமென்சாவின் ஆய்வுக்கூடம் 2009இல் காட்டியது. அடைப்பு எழுப்பும் எதிர்வினையை, உடன் செலுத்தும் மருந்தே ஓரளவு தணிக்கிறதோ என்ற எண்ணத்துக்கு அது இடம் தருகிறது. நோயாளிகளில் எந்த அளவுக்கு அது பொருந்தும் என்பது வேறு விவாதம்.

எதிர்வினையை அடக்க எடுக்கும் வழிகள்

1. அரைகுறையாக விடாமல் அடைப்பது. தப்பிய ஓரமே பிரச்சினை என்றால், ஓரத்தை விடாமல் பிடிப்பதே முதல் மருந்து. கட்டிக்குப் போகும் மிகச் சிறிய கிளைவரை குழாயைக் கொண்டுபோய், விளிம்பில் உள்ள போர்ட்டல் சிரைக் கிளைகள்வரை லிப்பியோடால் நிறையும்படி செலுத்துவது இதற்காகவே. சிறிய கட்டிகளில் இது நன்றாகக் கைகூடுகிறது. பத்து சென்டிமீட்டரைத் தாண்டிய கட்டிக்கு உதரவிதானத்திலிருந்தெல்லாம் ரத்தம் வந்துகொண்டிருக்கும். அங்கே ஒரே அமர்வில் முடிக்க நினைப்பது பேராசை.

2. புதுக்குழாய் வளர்வதை மருந்தால் தடுப்பது. வி.இ.ஜி.எஃப்.பின் கட்டளை செல்லுக்குள் போகாமல் தடுக்கும் மாத்திரையான சோராஃபெனிப் வந்தபோது, டேஸுடன் சேர்த்தால் கதை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். காகிதத்தில் அத்தனை பொருத்தம். பிரிட்டனில் 313 பேரிடம் நடந்த டேஸ்-2 ஆய்வில் ஒரு பலனும் தெரியவில்லை: நோய் மேலும் வளராமல் இருந்த காலம் மாத்திரை எடுத்தவர்களுக்கு 238 நாட்கள், எடுக்காதவர்களுக்கு 235. ஜப்பானின் டாக்டிக்ஸ் ஆய்வு மாத்திரையை டேஸுக்கு முன்பே தொடங்கியது. நோய் வளர்ந்ததாகக் கொள்ளும் அளவுகோலையும் மாற்றிக்கொண்டது. அதில் நோய் வளராத காலம் 13.5 மாதங்களிலிருந்து 25.2 மாதங்களாக நீண்டது. ஆனால் மொத்த வாழ்நாளில் உறுதியான வேறுபாடு இல்லை. வழிமுறை தெளிவாகத் தெரிந்தாலே மருந்து வேலை செய்துவிடும் என்ற நம்பிக்கைக்கு நல்ல அடி.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. காப்புரிமை வைத்திருப்பவரின் சம்மதம் இல்லாமலே இன்னொரு நிறுவனம் மருந்தைத் தயாரிக்க அரசு தரும் அனுமதிக்குக் கட்டாய உரிமம் என்று பெயர். இந்தியாவில் முதன்முதலாக அது வழங்கப்பட்டது இந்த சோராஃபெனிப்புக்குத்தான். 2012இல் நாட்கோ நிறுவனத்துக்கு அது கிடைத்தபோது, மாதத்துக்குச் சுமார் 2,80,000 ரூபாயாக இருந்த மருந்து 8,800 ரூபாய் அளவுக்கு இறங்கியது. மாத்திரை எழுதிக் கொடுத்தாலே நிலத்தை விற்க வேண்டும் என்று அஞ்சியவர்களுக்கு இது சிறிய மாற்றம் அல்ல.

3. நோய் எதிர்ப்பு மருந்தையும் சேர்ப்பது. சாகும் கட்டி தன் துண்டுகளைச் சிதறவிடுவதால் எதிர்ப்பு அணுக்கள் அதை அடையாளம் காண வாய்ப்பு கூடுகிறது, வி.இ.ஜி.எஃப்.போ அவற்றை மந்தப்படுத்துகிறது. இரண்டையும் ஒருங்கே கையாள்வது இப்போதைய போக்கு. 2024இல் முடிவுகளை அறிவித்த எமரால்டு-1 ஆய்வில் டேஸுடன் எதிர்ப்பு அணுக்களைத் தூண்டும் டர்வாலுமாப், வி.இ.ஜி.எஃப்.பைத் தடுக்கும் பெவாசிசுமாப் ஆகிய மருந்துகளைச் சேர்த்தவர்களுக்கு நோய் வளராத காலம் 8.2 மாதங்களிலிருந்து 15 மாதங்களாக நீண்டது. லீப்-012 ஆய்வில் இதேபோன்ற ஜோடியான லென்வாட்டினிப், பெம்ப்ரோலிசுமாப் மருந்துகளைச் சேர்த்தபோது 10 மாதங்கள் 14.6 ஆயின. இவை நோய் நகராமல் நின்ற காலத்தின் கணக்குகள். வாழ்நாள் இவ்வளவு கூடும் என்று படித்துக்கொள்ளக் கூடாது. பக்கவிளைவுகளும் செலவும் கூடுதல்.

4. ஆக்சிஜன் இல்லாமையையே ஆயுதமாக்குவது. டிராபசமின் போன்ற சில பொருட்கள் ஆக்சிஜன் குறைந்த இடத்தில்தான் நஞ்சாக மாறும். அடைத்துவிட்டு அதைச் செலுத்தினால் தப்பிய ஓரத்தில் மட்டும் வேலை செய்யும் என்பது எண்ணம். இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது.

நேர்மாறான தருக்கமும் ஒன்று உண்டு. யிட்ரியம்-90 ஏற்றிய கதிர்வீச்சு மணிகளைத் தமனி வழியே அனுப்பும் சிகிச்சையில் ரத்தத்தை முழுதாக அடைக்காமலிருக்கவே பார்க்கிறார்கள். கதிர்வீச்சு செல்லைக் கொல்ல ஆக்சிஜன் துணை வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிக் குழாய் வேலைதான். உள்ளே ஆக்சிஜனைப் பொறுத்தவரை எதிரெதிர் நோக்கம் கொண்டவை.

வட ஆற்காட்டில் யாரெல்லாம் கவனிக்க வேண்டும்

கல்லீரல் புற்றுநோய் பெரும்பாலும் நல்ல கல்லீரலில் வருவதில்லை. ஹெப்படைடிஸ் பி, சி வைரஸ்கள், மது, சர்க்கரை நோயோடு வரும் கொழுப்புக் கல்லீரல் ஆகியவை ஆண்டுக்கணக்கில் கல்லீரலைத் தழும்பாக்கி, சிரோசிஸ் என்னும் இறுகிய நிலைக்குக் கொண்டுபோனபின் வருவதே அதிகம். வேர்க்கடலை விளையும் இந்தப் பகுதிக்குப் பொருந்தும் இன்னொரு காரணமும் உண்டு. சரியாகக் காயாமல் பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்லடாக்சின் என்ற நஞ்சு சேர்கிறது. ஹெப்படைடிஸ் பி உள்ளவருக்கு அது புற்றுநோய் அபாயத்தைப் பல மடங்கு கூட்டும். கறுத்த, கசக்கும் கடலையை வறுத்தால் சரியாகிவிடும் என்பது தவறு. வறுக்கும் சூட்டில் அந்த நஞ்சு முழுதாக அழிவதில்லை.

சிரோசிஸ் இருப்பதால்தான் டேஸுக்கு முன் இத்தனை ரத்தப் பரிசோதனைகள். மஞ்சள் காமாலை முற்றியவருக்கும், அடங்காத வயிற்று நீர் உள்ளவருக்கும், சுயநினைவு தடுமாறுபவருக்கும் அடைப்பு நன்மையைவிடக் கேட்டையே செய்யும்.

செய்துகொண்டவர்களுக்கு முதல் சில நாட்கள் காய்ச்சலும் வலப்பக்க வலியும் குமட்டலும் வருவது எதிர்பார்க்கத்தக்கதே. பெரும்பாலும் ஒரு வாரத்தில் அடங்கும். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், கண் மஞ்சளாவது, வயிறு உப்பிக்கொண்டே போவது, கருப்பாக மலம் போவது, உளறல் ஆகியவை வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வலி போய்ச் சாப்பாடு இறங்கத் தொடங்கியதும், அடுத்த வருகையைத் தள்ளிப்போடும் மனம் பலருக்கு வந்துவிடுகிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ரயிலேறிக் காட்பாடியில் இறங்குபவர்களுக்காவது தூரம் என்ற சாக்கு உண்டு. குடியாத்தத்துக்கும் ஆரணிக்கும் அதுவும் இல்லை. நான்கிலிருந்து ஆறு வாரங்களுக்குள் எடுக்கும் ஸ்கேன் சடங்கு அல்ல. தப்பிய ஓரம் எங்கே இருக்கிறது, அங்கே புதிய குழாய்கள் முளைத்திருக்கின்றனவா என்று காட்டுவது அதுதான். கட்டியின் அளவு அப்படியே இருந்தாலும் பயப்பட வேண்டியதில்லை. சாயம் ஏற்றும்போது உள்ளே ரத்தம் பாய்கிறதா என்பதே கேள்வி. செத்த கட்டி சுருங்க மாதங்கள் ஆகலாம். லிப்பியோடால் தங்கிய இடம் சி.டி. படத்தில் வெள்ளையாகப் பளிச்சிடுவதால், அதன் பக்கத்தில் மெல்லிய உயிருள்ள ஓரம் இருந்தால் மறைந்துபோகும். அதனால்தான் சிலருக்கு சி.டி.யோடு நிறுத்தாமல் எம்.ஆர்.ஐ.யும் கேட்கிறார்கள்.